காதில் இருக்கும் லாவோவை நாக்குக்குக் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1975க்குப் பிறகு லாவோஸை விட்டு மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாம்களில் காத்திருந்து, அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, கனடா என்று குடியேறிய லாவோ குடும்பங்களில் இப்போது பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பாட்டி லாவோ மொழியில் கேட்பார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். கேட்டது புரியும், வாய் மட்டும் திறக்காது. என் கணவரும் அப்படி வளர்ந்தவர்தான். அவரோடு சேர்ந்து நானும் கற்றேன். இப்போது எங்கள் ஊர் வாட்டில் (லாவோ பௌத்தக் கோயிலுக்கு வாட் என்று பெயர்) ஞாயிறு வகுப்பில் உதவியாக இருக்கிறேன்.

வகுப்புக்கு வரும் பெரியவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே எழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்றாவது வாரம் வராமல் போய்விடுகிறார்கள். வீட்டில் லாவோ கேட்டு வளர்ந்தவருக்குக் காது ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒன்றுமே தெரியாதவரைப் போலத் தொடங்கினால் சலிப்புதான் வரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதலில் ஒரு ஆள். அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று லாவோவில் பேசவும் பொறுமையாகத் திருப்பிச் சொல்லவும் ஒருவர் வேண்டும். இது கிடைக்கும்வரை மற்றவற்றுக்குச் செலவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஒலிப்பதிவு செய்யும் போன், ஒரு நோட்டுப் புத்தகம், தினமும் அரைமணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு லாவோ கற்பிக்க ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிநேரம் ஒதுக்குகிறது. அது ஒரு சொல்கூடக் கேட்டிராதவர்களுக்கான கணக்கு. உங்கள் கணக்கு வேறு. ஆனாலும் இரண்டு மாதத்தில் முடிகிற வேலை என்று நினைத்து இறங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே லாவோ சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அது ஓர் அடையாளத்துக்குத்தான். தமிழில் எழுதினால் அப்பாவும் 'போ', 'இல்லை' என்பதும் 'போ'. லாவோ காதுக்கு இரண்டும் வேறு வேறு. முதலாவதில் ப-வோடு மூச்சு வெளியே வரும், இரண்டாவது ஆங்கில B போல ஒலிக்கும். ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் வாயிலிருந்து கேட்ட பிறகே பழகுங்கள்.

1. உங்கள் வீட்டில் பேசுவது எந்த லாவோ என்று கேளுங்கள்

லாவோஸிலிருந்து வந்த குடும்பம் என்றாலே வீட்டுமொழி லாவோ என்று சொல்லிவிட முடியாது. மோங், கமு, இயு மியன் மக்களுக்குத் தனித்தனி மொழிகள் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியேறிய தாய் டம் மக்களின் மொழி லாவோவுக்கு உறவு, ஆனால் அதுவே லாவோ ஆகாது. பாட்டி சந்தையில் லாவோவும் வீட்டில் வேறொன்றும் பேசியவராக இருந்தால், நீங்கள் எதைத் தேடி வந்தீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

லாவோதான் என்றால் அடுத்து ஊரைக் கேளுங்கள். வியன்டியானா, லுவாங் பிரபாங்கா, சவன்னகேத்தா, பாக்ஸேயா? பாடப்புத்தகமும் பாட ஒலிப்பதிவும் பெரும்பாலும் வியன்டியான் பேச்சில் இருக்கும். அந்தப் பேச்சில் பொதுவாக 6 தொனிகளை (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை) கணக்கிடுவார்கள், லுவாங் பிரபாங்கில் 5. 'கொடு' என்பதற்கு வியன்டியானில் 'ஹை' என்பார்கள். லுவாங் பிரபாங்கில் அது 'ஹவ்' போல, ஆனால் உதடு குவியாமல் வரும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கிய ஒரு பெண் எங்கள் வகுப்பில் இருந்தார். பாடத்தில் கேட்டதை வைத்துத் தன் பாட்டியின் உச்சரிப்பைத் திருத்தப் போனார். பாட்டி பேசியது சுத்தமான லுவாங் பிரபாங் பேச்சு. அவருக்கு மனசு வலித்துவிட்டது. வீட்டுப் பேச்சை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் வருவது வெளியாரோடு பேச உதவும் இன்னொரு பேச்சு.

2. ஏற்கெனவே தெரிந்ததைக் கணக்கெடுங்கள்

ஒரு வாரம் புதிதாக எதையும் கற்க வேண்டாம். வீட்டில் காதில் விழும் லாவோ சொற்களை உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு குறி: சொல்லவும் வரும், புரியும் ஆனால் சொல்ல வராது, கேட்டிருக்கிறேன் பொருள் தெரியாது.

பெரும்பாலானவர்கள் நோட்டில் சாப்பாடு, உடம்பு, திட்டு மூன்றும் நிறைந்திருக்கும். வேலை, பணம், உணர்ச்சி, செய்தி பற்றிய சொற்கள் இருக்காது. குழந்தையோடு பெரியவர்கள் அவற்றைப் பேசவில்லை, அவ்வளவுதான். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் 'வணக்கம், என் பெயர்' பாடத்தில் ஒரு மாதத்தை வீணாக்க மாட்டீர்கள். நடுவில் இருக்கும் பிரிவுதான் புதையல். புரிந்தும் சொல்ல வராத அந்தச் சொற்களைத்தான் முதலில் வாய்க்குக் கொண்டுவர வேண்டும்.

3. உறவுச் சொற்களை முதலில் சரி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வந்திருக்கிறார்கள். பாடங்களில் 'நான்' என்பதற்குக் கோய், 'நீங்கள்' என்பதற்கு ஜாவ் என்று இருக்கும். சம வயதினரிடம் சரி. பாட்டியிடம் போய் ஜாவ் என்றால் மரியாதையாக இருக்காது. தமிழில் "பாட்டி சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதைப் போலவே, லாவோவிலும் உறவுச் சொல்தான் 'நீங்கள்' இருக்கும் இடத்தில் நிற்கும். பாட்டியை மே தூ என்றே அழைத்துக் கேட்க வேண்டும். தன்னைச் சொல்லும்போதும் கோய் என்னாமல் லான், அதாவது 'பேரப்பிள்ளை' என்று சொல்ல வேண்டும்.

அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்களை அழைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெற்றோரைவிட மூத்தவர்கள் என்றால் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. ஆண் என்றால் லுங், பெண் என்றால் பா. இளையவர்கள் என்றால் பக்கம் முக்கியம். அப்பாவின் தம்பி ஆவ், அப்பாவின் தங்கை ஆ, அம்மாவின் தம்பியும் தங்கையும் நா. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று பிரித்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். எல்லோரையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் அழைத்து வளர்ந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

அப்பா வழித் தாத்தா பாட்டிக்குப் பூ, ஞா என்ற சொற்கள் உண்டு. ஆனால் தாத்தா பாட்டியை அழைப்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதுவே சரி.

வெளியாரையும் இப்படித்தான் அழைக்க வேண்டும். கொஞ்சம் மூத்த ஆண் ஆய், மூத்த பெண் உவய், இளையவர் நோங். புதிதாகச் சந்திக்கும் லாவோக்காரர் உங்கள் வயதைக் கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். உங்களை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை 'ஆமாம்' சொல்வதில். தோழர்களிடம் சொல்லும் 'உம்' போன்ற பதிலைப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்கள். பெரியவர்களிடம் ஜாவ் என்று பதில் சொல்ல வேண்டும். ஆம், 'நீங்கள்' என்ற அதே சொல்தான். பிக்குகளிடமும் மிக மூத்தவர்களிடமும் டோய்.

4. ஒரு வேளைச் சாப்பாட்டை லாவோவுக்கு ஒதுக்குங்கள்

"இனிமேல் வீட்டில் லாவோ மட்டும்தான்" என்று முடிவெடுப்பவர்கள் நான்கு நாளில் ஓய்ந்துபோகிறார்கள். ஒரு வேளைச் சாப்பாடு போதும். சமைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை லாவோ. சமையலறையில் சொல்லும் பொருளும் கண் முன்னால் இருக்கும், அதே வாக்கியங்கள் தினமும் திரும்ப வரும். யாரும் உங்களை உட்காரவைத்துப் பரீட்சை வைக்கவும் மாட்டார்கள்.

ஒட்டரிசியை அவிக்கும் மூங்கில் கூடை, பப்பாளிச் சாலட் இடிக்கும் கோக் என்ற உரல், சாக் என்ற உலக்கை, பாடேக் என்ற புளித்த மீன் ஜாடி என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெயர் கேளுங்கள்.

வினைச்சொல் லாவோவில் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப உருமாறாது. அதனால் சில சிறு சொற்கள் வந்துவிட்டால் வாக்கியம் நின்றுவிடும். 'இல்லை' என்ற அந்த 'போ', வினைக்கு முன்னால் வந்தால் மறுப்பு, வாக்கியக் கடைசியில் வந்தால் கேள்வி. போ கின் என்றால் 'சாப்பிடவில்லை', கின் போ என்றால் 'சாப்பிடுகிறாயா?' லேவ் சேர்ந்தால் முடிந்துவிட்டது, சி சேர்ந்தால் இனிமேல் நடக்கும். கின் காவ் லேவ் போ? என்றால் 'சோறு சாப்பிட்டாச்சா?' நம் ஊரைப் போலவே அங்கும் பார்த்தவுடன் நலம் விசாரிக்கும் கேள்வி இதுதான்.

கடைசியில் வரும் டே என்ற சிறு சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆவ் நாம் ஹை என்றால் 'தண்ணீர் கொடு', அதோடு டே சேர்ந்தால் 'கொஞ்சம் தண்ணீர் கொடுங்களேன்'. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பேச்சு அதிகாரமாகக் கேட்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாமல் இல்லை, டே தெரியவில்லை.

எண்ணும்போதும் கவனம். 'இரண்டு நாய்' என்று சொன்னால் போதாது, நாய் இரண்டு தோ என்று சொல்ல வேண்டும். விலங்குக்குத் தோ, ஆளுக்குக் கோன், பழத்துக்கு நுவாய், வண்டிக்குக் கான். நாம் 'இரண்டு பேர்' என்கிறோமே, அதுபோல எல்லாப் பொருளுக்கும் ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் முன்கூட்டியே ஒன்று கேட்டு வையுங்கள்: சிரிக்க வேண்டாம், ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம், தவறைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். பல பேர் பேசுவதை நிறுத்தியதே சிறுவயதில் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சிரித்ததால்தான். பாசத்தில் சிரித்தாலும் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வாய் திறப்பதில்லை.

5. தொனியையும் மூச்சையும் ஒலிப்பதிவு வைத்துப் பழகுங்கள்

பேசத் தொடங்கிய பிறகுதான் இந்தப் படி. முன்னாலேயே செய்தால் பயம் வரும், ரொம்பத் தள்ளிப்போட்டால் தப்பு உறைந்துவிடும்.

பா என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொனியில் மீன், இன்னொன்றில் காடு, மற்றொன்றில் பெரியம்மா. காய் என்பது தொனிக்குத் தகுந்தபடி தூரம், பக்கம், கோழி. மா என்பது வா, நாய், குதிரை. இந்த ஒன்பது சொற்களையும் வீட்டுப் பெரியவர் குரலில் பதிவு செய்யுங்கள். கேட்டு, உடனே நீங்கள் சொல்லி, அதையும் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பேசும்போது நம் குரல் நமக்குச் சரியாகவே கேட்கும். பதிவில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது கடைசியில் குரல் ஏறுமே, அந்தப் பழக்கம் லாவோவில் சொல்லையே மாற்றிவிடும். கேள்விக்குத்தான் போ இருக்கிறதே, குரலை அதன் தொனியிலேயே விட்டுவிடுங்கள்.

மூச்சு வேறு விஷயம். ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் சொல்லின் முதலில் வரும் ப-வை மூச்சோடுதான் சொல்வார்கள். அப்போது மீன் மீனாக இருக்காது, வேறு சொல்லாகிவிடும். தமிழில் 'பல்' என்னும்போது வரும் மூச்சில்லாத ப-தான் லாவோ மீனுக்கு வேண்டியது. தமிழ் பேசுபவர்களுக்கு இன்னும் இரண்டு வசதிகள். குறில் நெடில் வேறுபாடு லாவோவிலும் பொருளை மாற்றும், அது நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. 'ஞாயிறு' சொல்லத் தெரிந்தவருக்குக் கொசு என்ற ஞுங் கடினமில்லை. நமக்கும் சிரமம் தருவது சொல்லின் முதலில் வரும் ங. பணம், மாடு, பாம்பு மூன்றும் ங-வில்தான் தொடங்குகின்றன. 'இங்ஙனம்' என்று மெதுவாகச் சொல்லி, முன்பாதியை மனதுக்குள் வைத்து, ஙகரத்திலிருந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

க், த், ப் என்று முடியும் சொற்களில் வாயை மூடியதோடு நிறுத்துங்கள். நாம் ஒரு உகரத்தைச் சேர்த்து 'சிப்பு' என்போம். லாவோவில் பத்து என்ற சிப் உதடு மூடிய இடத்திலேயே முடிந்துவிடும்.

6. இப்போது எழுத்து

மெய்கள் 27. ஒவ்வொன்றும் ஒரு பொருளின் பெயரோடு வரும்: கோழியின் கோ, முட்டையின் கோ, எருமையின் கோ என்று. பள்ளி வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டாம். எழுத்துகள் நடு, மேல், கீழ் என்று மூன்று வகுப்புகளாகப் பிரியும், தொனியைத் தீர்மானிப்பது அந்த வகுப்புதான். எனவே வகுப்புவாரியாகக் கற்றால் எழுத்தும் தொனியும் ஒன்றாக வந்துவிடும். நடு வகுப்பில் 8 எழுத்துகள்: கோழி, கோப்பை, குழந்தை, கண், ஆடு, மீன், மருந்து, கிண்ணம். முதல் இரண்டு வாரம் இவை மட்டும். அப்புறம் மேல் வகுப்பின் 6, கடைசியாகக் கீழ் வகுப்பின் 13.

சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும், ஒலிப்பது மெய்க்குப் பின்னால். 'கே' எழுதும்போது கொம்பு முன்னால் வருவது நமக்குப் பழகியதுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதற்கே ஒரு வாரம் பிடிக்கும்.

தொனிக்குறிகள் 4 இருந்தாலும் மாய் ஏக், மாய் தோ இரண்டையும் தெரிந்துகொண்டால் கிட்டத்தட்ட எல்லாம் படித்துவிடலாம். வியன்டியான் பேச்சில் மாய் ஏக் எந்த வகுப்பு எழுத்தின் மேல் வந்தாலும் நடுத்தொனி. மாய் தோ வந்தால் குரல் இறங்கும். நடு, கீழ் வகுப்புகளில் உயரத்திலிருந்து, மேல் வகுப்பில் தாழ்ந்த இடத்திலிருந்து. மீன், காடு, பெரியம்மா மூன்றையும் எழுதிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, குறி மட்டும் மாறும்: குறியில்லாமல் மீன், மாய் ஏக் காடு, மாய் தோ பெரியம்மா. ஐந்தாம் படியில் காதால் பழகியது இங்கே கண்ணில் தெரியும். அந்த நிமிடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் "ஓ!" என்று சொல்லாமல் இருந்ததில்லை.

சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, சொற்றொடர் முடிந்தால்தான் இடைவெளி. அதனால் முதலில் பென்சிலால் சொல்லுக்குச் சொல் கோடு போட்டுப் படியுங்கள். போனில் லாவோ விசைப்பலகையை இப்போதே சேர்த்து, குடும்பக் குழுவில் தினம் ஒரு வரி அனுப்புங்கள்.

7. உங்கள் குடும்பப் பெயரை லாவோவில் எழுதுங்கள்

பல லாவோ பெயர்களின் ஆங்கில எழுத்து பிரெஞ்சு முறையில் அமைந்தது. தலைநகர் பெயரே வியாங் ஜான், அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியபடி வியன்டியான் என்று வாசிக்கிறோம். பள்ளி ஆசிரியர் தவறாகப் படித்ததையே தன் பெயராக நினைத்து வளர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெரியவரிடம் பெயரை லாவோவில் எழுதி வாங்கி, துண்டு துண்டாகப் பிரியுங்கள்.

வோங் என்றால் வம்சம். சாய் வெற்றி, நம் 'ஜெயம்'. சக் என்பது சக்தி, போம் பிரம்மா, ஜான் சந்திரன். பாலியும் சமஸ்கிருதமும் வழியாக லாவோவுக்குப் போன சொற்கள் இவை. கேவ் (பளிங்கு), காம் (பொன்) போன்றவையும் அடிக்கடி வரும். வகுப்பில் இதைச் செய்யும் நாளில் நேரம் போவதே தெரியாது. முப்பது வயதில் முதல்முறையாகத் தன் பெயரின் பொருளை ஒருவர் தெரிந்துகொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

8. பழைய கடிதங்களைப் படிக்கும்போது

1975க்குப் பிறகு லாவோஸில் ஒலிக்கிறபடி எழுதும் முறை உறுதியானது, ர எழுத்தும் விலக்கப்பட்டது. பிறகு அது அயல்பெயர்களுக்காகத் திரும்ப வந்தது. 1975க்கு முன்பே எழுதக் கற்ற தாத்தாவின் கடிதத்தில் ர இருந்தால், வாசிக்கும்போது பெரும்பாலும் ல என்று வைத்துக்கொண்டு பாருங்கள். தாத்தா பிழையாக எழுதவில்லை, அவர் கற்ற முறை அது. அமெரிக்க அரசு அதிகாரிகளுக்காகத் தயாரித்து இன்று இலவசமாகக் கிடைக்கும் லாவோ பாடங்களும் 1975க்கு முந்தைய காலத்தவை. ஒலிப்பதிவு அருமை, ஆனால் அரசு, பதவி பற்றிய சொற்கள் பழையவை.

9. தாய்லாந்து நாடகங்களைப் பிரித்து வையுங்கள்

லாவோ வீடுகளில் தாய்லாந்து நாடகம் ஓடிக்கொண்டே இருக்கும். மொழிகள் நெருக்கமானவை, காதுக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் பேசும்போது கலந்துவிடும். தாய்லாந்தில் ரக் என்பது லாவோவில் ஹக், அன்பு. அங்கே யானை சாங், இங்கே ஸாங். ருசிக்கு அங்கே அரோய், இங்கே ஸேப். 'இல்லை'க்கு அங்கே மாய், இங்கே போ. நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். நாங்கள் வாங்கிய ஒரு மொழிச் செயலியில் பாதிச் சொற்கள் தாய்லாந்துச் சொற்களாகவே இருந்தன. அதனால் எந்தப் பாடமாக இருந்தாலும் முதல் பத்துச் சொற்களைப் பாட்டியிடம் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாட்டு வேண்டுமென்றால் மோலாம் என்ற லாவோ நாட்டுப்பாடல்களைக் கேளுங்கள். தாய்லாந்தின் வடகிழக்கான இசான் பகுதியில் பேசுவதும் லாவோதான். லாவோஸில் இருப்பதைவிட அதிகம் பேர் அங்கே அதைப் பேசுகிறார்கள்.

10. வீட்டுக்கு வெளியே

ஏப்ரலில் வரும் பீ மாய் புத்தாண்டுக்கு வாட்டில் சமையல் வேலைக்குப் போய் நில்லுங்கள். வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைவிடப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றால்தான் பேச்சு காதில் விழும். முறையான படிப்பு வேண்டுமென்றால் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தென்கிழக்காசிய மொழிகளுக்கான கோடைக் கல்வியைப் பாருங்கள். ஓர் ஆண்டுப் பாடத்தை 8 வாரத்தில் நடத்துவார்கள், லாவோவும் அதில் இருந்துவருகிறது. மேலே சொன்ன நான்காவது படியாவது முடிந்த பிறகு போங்கள், இல்லையென்றால் வேகம் திணறடிக்கும்.

ஒன்றை மட்டும் வரிசைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்யுங்கள். பாட்டி பக்கத்தில் போனை வைத்து, எந்த ஊரில் பிறந்தார், அம்மா என்ன சமைப்பார், ஆற்றை எப்படிக் கடந்தார் என்று லாவோவில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. முகாம் நினைவுகள் வந்து அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். கோப்புக்குத் தேதியும் ஊர்ப் பெயரும் போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் அதே பதிவைத் திரும்பக் கேட்டு, புதிதாகப் புரிந்த வரிகளை நோட்டில் எழுதுங்கள்.